ஆப்பசைத்த குரங்கும் 23.35 மில்லிமீட்டரும்

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பால்கனியில் பழைய பேப்பரை விரித்து, அதைவிடப் பழைய சைக்கிள் ஒன்றைத் தலைகீழாக நிறுத்தி, அதன் இடது கிராங்கைக் கழற்ற உட்கார்ந்தேன். கிராங்கின் நடுவில் இருக்கும் மரைக்குள் புல்லரைத் திருகி மாட்டினேன். ஸ்பேனர் போட்டு இழுத்தேன். நல்லா இறுகிக்கிட்டே வந்தது. அடுத்த கால் சுற்றில் திடீரென்று இளகியது. ஆஹா, வந்துடுச்சு என்று சந்தோஷப்பட்டேன். வந்தது கிராங்க் இல்லை, புல்லர். அதன் மரையில் வெள்ளிக் கம்பி மாதிரி அலுமினியச் சுருள்கள் சுற்றிக்கொண்டிருந்தன. கிராங்கின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், மரை இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

ஆப்பை அசைத்துவிட்டு மாட்டிக்கொண்ட குரங்கின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். அந்த நிமிடம் எனக்கு அந்தக் குரங்கு ரொம்ப நெருங்கிய உறவாகத் தெரிந்தது. அப்போது அது வெறும் உவமை. அடுத்த சில வாரங்கள் தேடிப் படித்த பிறகுதான், நான் அசைக்கப் பார்த்ததே நிஜமான ஓர் ஆப்பு என்பது புரிந்தது. இந்தக் கட்டுரை அந்த ஆப்பின் வரலாறு. கூடவே, பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் எந்தக் கருவியை எடுக்கலாம், எதை எடுக்கவே கூடாது என்பதற்கான குறிப்பும்.

அப்பாவின் ஹெர்குலிஸ்

எனக்குத் தெரிந்த முதல் சைக்கிள் அப்பாவுடையது. கறுப்பு ஹெர்குலிஸ். பர்மிங்காமில் 1910-இல் தொடங்கிய பெயர் அது. 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தை ஆரம்பித்த பிறகு அம்பத்தூர்ப் பெயராகவும் ஆனது. விழுப்புரத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வருஷத்துக்கு ஒருமுறை ஓவர்ஹால். அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லையென்றால் நான் கடை வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

அவர் கிராங்கைக் கழற்றும் விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கிராங்கின் அடியில் குறுக்காக ஒரு பின் இருக்கும். கடைகளில் அதற்குக் காட்டர் பின் என்று பெயர். அதன் நட்டை முழுசாகக் கழற்ற மாட்டார். பின்னின் நுனியும் நட்டும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை தளர்த்துவார். பிறகு ஒரு கனமான இரும்புக் குழாயைத் தரையில் நிறுத்தி, அதன் மேல் கிராங்க் உட்காரும்படி வைப்பார். பின்னின் மறுமுனை இறங்குவதற்கு குழாயின் ஓட்டை. அப்புறம் பெரிய சுத்தியலால் ஒரே அடி.

"பத்து தட்டு தட்டினா பின்னு தலை பூ மாதிரி விரிஞ்சுடும் தம்பி. அப்புறம் ஆண்டவன் வந்தாலும் எடுக்க முடியாது. ஒரே அடி, முழு அடி."

அந்தக் குழாயை ஏன் வைக்கிறார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடியின் பாதி பலம் பின்னுக்குப் போகாது. ஆக்ஸில் வழியாக பேரிங்குக்குப் போகும். குண்டுகள் கப்பில் குழி விழவைத்துவிடும். பாய்க்கு இதை யாரும் வகுப்பில் சொல்லித்தரவில்லை.

எனக்கு வகுப்பில் சொல்லித்தந்தார்கள், ஆனால் புரியவில்லை. நான் படித்தது பி.இ. மெக்கானிக்கல். வயிற்றுப்பிழைப்பு சாஃப்ட்வேர். மெஷின் டிராயிங் பாடத்தில் முதல் ஷீட்டுகளில் ஒன்றாக காட்டர் ஜாயின்ட் வரும். மெக்கானிக்கல் படித்த யாரைக் கேட்டாலும் சாக்கெட், ஸ்பிகாட் என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். இரண்டு தண்டுகள், நடுவில் குறுக்கே ஒரு சரிவான தகடு. அந்தத் தகடுதான் காட்டர். 48-க்கு 1 முதல் 24-க்கு 1 வரை சரிவு இருக்கலாம் என்று பாடப்புத்தகம் சொல்லும். மினி டிராஃப்டரை வைத்து அதை அழித்து அழித்து வரைந்த எனக்கு, ஹாஸ்டல் வாசலில் நின்ற என் சைக்கிளில் அதே சமாச்சாரம் இருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. காட்டர் என்றால் தமிழில் ஆப்பு. அவ்வளவுதான்.

நீராவி எஞ்சினிலிருந்து சைக்கிளுக்கு

1860களின் ஆரம்ப சைக்கிள்களில் பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. 1885-இல் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் சேஃப்டி சைக்கிளைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரே அளவு சக்கரங்கள், நடுவில் கிராங்க், பின்சக்கரத்துக்குச் செயின். இன்றைக்கு நாம் ஓட்டுகிற எல்லா சைக்கிளுக்கும் அதுதான் பாட்டன். இந்த அமைப்பில் ஒரு புதுப் பிரச்சினை வருகிறது. கிராங்க் இரண்டு, ஆக்ஸில் ஒன்று. ஒவ்வொரு மிதிக்கும் ஓட்டுபவரின் எடை முழுதும் அந்த இணைப்பில் இறங்குகிறது. வலது, இடது, வலது, இடது என்று ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான தடவை. கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் ஒவ்வொரு மிதியும் அந்த ஆட்டத்தைப் பெரிதாக்கும்.

அந்தக் காலத்து இங்கிலாந்து எஞ்சினியருக்கு இந்தப் பிரச்சினைக்கு விடை கைவசம் இருந்தது. நீராவி எஞ்சின்களின் கனெக்டிங் ராடுகளில் பல பத்தாண்டுகளாகக் காட்டர்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அதையே சின்னதாக்கி, உருண்டையான பின்னில் ஒரு பக்கம் சரிவாகச் சீவி, ஆக்ஸிலில் ஒரு தட்டையான வெட்டு போட்டு, கிராங்கின் ஓட்டை வழியாக அடித்து இறக்கினார்கள். சரிவு தட்டையில் ஏறி இறுகும். நட்டு அதை நழுவாமல் பிடித்துக்கொள்ளும். எஃகுக் கிராங்க், எஃகு ஆக்ஸில், எஃகுப் பின். மலிவு. எந்த ஊரிலும் ஒரு சுத்தியல் இருக்கும். நம்மூர் ரோட்ஸ்டர் சைக்கிள்களில் அந்த ஏற்பாடு ஆயுள் முழுக்க நின்றதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

ஆனால் எல்லாக் காட்டரும் ஒரே அளவு இல்லை. இங்கிலாந்து வண்டிகளில் பொதுவாக 9.5 மி.மீ., பிரெஞ்சு வண்டிகளில் 9 மி.மீ. சரிவின் கோணமும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். அதனால் பழைய பின்னைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். முடிந்தால் சுத்தியலுக்குப் பதில் காட்டர் பிரஸ் என்னும் திருகு அழுத்தியைப் பயன்படுத்துங்கள். பென்ச் வைஸைக்கூட அதற்குப் பழக்கலாம். அழுத்திக் கழற்றிய பின் பல சமயம் திரும்பவும் உபயோகப்படும். அடித்துக் கழற்றியது பெரும்பாலும் குப்பைக்குத்தான்.

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். இணைப்பில்தானே தகராறு? இணைப்பே வேண்டாம் என்று இரண்டு கிராங்கும் ஆக்ஸிலும் சேர்ந்து ஒரே எஃகுத் தண்டாக வளைத்துவிட்டார்கள். ஒஹையோ மாநிலத்து ஆஷ்டபுலா ஊரின் பட்டறையால் அதற்கு ஆஷ்டபுலா கிராங்க் என்றே பெயர். இதற்குப் புல்லரும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம். இடது பெடலைக் கழற்றி, இடது பக்கத்து நட்டை எதிர்த்திசையில் திருகி எடுத்தால் (அது இடது மரை), முழுத் தண்டும் வலது பக்கமாக நெளிந்து வெளியே வந்துவிடும். கனம் ஜாஸ்தி. ஆனால் குழந்தைகள் சைக்கிளுக்கு இதைவிட உறுதியான ஏற்பாடு கிடையாது.

சாந்த்-எத்தியேன்

என் பால்கனியில் நின்ற சைக்கிள் பிரான்ஸிலிருந்து வந்தது. 2009-இல் ஒரு புராஜெக்டுக்காக லியோன் நகரத்தில் எட்டு மாதம் இருந்தேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் ஒரு பெரியவர் அதை விற்றார். தன் அப்பா எழுபதுகளின் ஆரம்பத்தில் வாங்கியது என்றார். விலை பேசி முடித்த பிறகு, கைப்பிடியில் ஒரு முறை தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். பெயர்ப்பட்டை உதிர்ந்துபோன வண்டி. கிராங்கில் மட்டும் 'ஸ்ட்ராங்லைட்' என்ற எழுத்து தெளிவாக இருந்தது. அந்தக் கிராங்க் பிறந்த சாந்த்-எத்தியேன் அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். எட்டு மாதத்தில் ஒரு தடவைகூடப் போகவில்லை. தெரிந்தால்தானே போவதற்கு?

சாந்த்-எத்தியேன் நிலக்கரி, துப்பாக்கி, சைக்கிள் மூன்றுக்கும் பேர்போன ஊர். துப்பாக்கிக் குழாய் கடைகிற லேத்துகளும் கைகளும் இருக்கிற இடத்தில் சைக்கிள் தொழில் வந்து ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. அந்த ஊரில் போல் தெ விவி என்றொருவர் இருந்தார். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர். 1887-இல் 'லெ சிக்லிஸ்த்' பத்திரிகையை ஆரம்பித்தவர். ஊரைச் சுற்றி மலை. மலையேற வேண்டுமானால் கியர் வேண்டும், வண்டி எடை குறைய வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க எழுதினார், ஓட்டிக் காட்டினார். பந்தய உலகம் கேட்கவில்லை. டூர் டி பிரான்ஸில் டிரெய்லர் கியரை 1937 வரை அனுமதிக்கவே இல்லை. வெலோசியோ 1930-இல் அதே ஊரில் டிராம் மோதி இறந்துபோனார்.

ஆனால் அவர் கிளப்பிவிட்ட ஆர்வம் சாகவில்லை. பந்தயக்காரர்கள் இல்லாமல், தூரப் பயணம் போகிற சாதாரண ஆட்கள்தான் இலேசான பாகங்களைக் கேட்டு வாங்கினார்கள். இலேசு என்றால் அலுமினியக் கலவை. இங்கேதான் காட்டருக்குச் சிக்கல் வந்தது. காட்டர் பின் கிராங்கைத் தொடுகிற பரப்பு ரொம்பச் சின்னது. எஃகு அதைத் தாங்கும். அலுமினியம் தாங்காது. சில நூறு கிலோமீட்டரிலேயே ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போய்விடும். இலேசான கிராங்க் வேண்டுமென்றால் இணைப்பையே மாற்றியாக வேண்டும்.

1930களின் தொடக்கத்தில் ஸ்ட்ராங்லைட் கொண்டுவந்த விடை சதுர டேப்பர். ஆக்ஸிலின் முனையைச் சதுரமாகச் சீவி, நான்கு முகங்களையும் 2 டிகிரி சரிவாக்கினார்கள். கிராங்கிலும் அதே சரிவில் சதுர ஓட்டை. ஒரு போல்ட்டால் கிராங்கை உள்ளே அழுத்தினால் நான்கு அகலமான முகங்களும் சேர்ந்து இறுகும். சுமை பரவிவிடுகிறது. அலுமினியம் பிழைத்துக்கொள்கிறது.

இதைக் காட்டர் இல்லாத கிராங்க் என்றே அழைத்தார்கள். பெயரைப் பார்த்தால் ஆப்பு ஒழிந்துபோனது மாதிரி இருக்கும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாடப்புத்தகத்துக் காட்டரின் சரிவை 30-க்கு 1 என்று எடுத்துக்கொண்டால் கோணம் 1.9 டிகிரி. சதுர டேப்பரின் ஒவ்வொரு முகமும் 2 டிகிரி. கிட்டத்தட்ட அதே ஆப்பு! தனியாக ஒரு பின்னை ஆப்பாக அடிப்பதை விட்டுவிட்டு, ஆக்ஸிலின் முனையையே ஆப்பாக ஆக்கிவிட்டார்கள்.

அதனால்தான் போல்ட்டைக் கழற்றினாலும் கிராங்க் வருவதில்லை. இரண்டு உலோகங்கள் உரசும்போது உராய்வுக் கெழு 0.1 என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், உராய்வுக் கோணம் 5.7 டிகிரி ஆகிறது. 2 டிகிரி ஆப்பு தானாக ஒருநாளும் வழுக்கி வெளியே வராது. யாராவது வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். சுத்தியலால் அடித்து எடுக்கலாம் என்றால் அலுமினியம் நசுங்கும். ஆக, இந்த இணைப்பைக் கண்டுபிடித்தவர்கள் அதைப் பிரிக்கும் கருவியையும் சேர்த்தே யோசித்தாக வேண்டியிருந்தது. கிராங்கின் வாயில் ஒரு மரை. அதில் திருகிக்கொள்ளும் ஓர் உடல். உடலின் நடுவே ஒரு தண்டு. தண்டைத் திருகினால் அது ஆக்ஸிலின் முனையை உந்தும், உடல் கிராங்கை இழுக்கும். கிராங்க் புல்லர் என்பது இவ்வளவுதான்.

ஸ்ட்ராங்லைட் அந்த மரைக்கு வைத்த விட்டம் 23.35 மி.மீ.

மூன்று எண்கள்

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரான்ஸில் டி.ஏ. என்ற நிறுவனம் வந்தது. பெயரின் விரிவு முன்சக்கர இழுவை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்கள். முன்சக்கரத்தால் ஓடும் சைக்கிள் ஒன்றைச் செய்யப் போய், கடைசியில் கிராங்கும் செயின் வீலும் செய்து பெயர் வாங்கியது. அவர்களும் சதுர டேப்பரையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் புல்லர் மரை 23 மி.மீ. பக்கத்து வீட்டுக்காரன் கருவி என் வீட்டுக்கு வேண்டாம் என்பது போல.

1958-இல் இத்தாலியின் விசென்சாவிலிருந்து கம்பன்யோலோ தன் ரெக்கார்ட் கிராங்கோடு வந்தது. அதில் 22 மி.மீ. அதுவரை எஃகும் காட்டருமாக ஓடிக்கொண்டிருந்த பந்தயக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அலுமினியத்துக்கு மாறினார்கள். ஜப்பானில் சுகினோ, ஷிமானோ போன்றவர்கள் கிராங்க் செய்யும்போது எடுத்துக்கொண்ட அளவும் 22 தான். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சைக்கிள் மோகம் பிடித்தது. 1973-இல் மட்டும் அங்கே சுமார் ஒன்றரைக் கோடி சைக்கிள்கள் விற்றன. அந்த வெள்ளத்தில் ஜப்பான் பாகங்கள் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. 22 மி.மீ. தரநிலை ஆகிவிட்டது. ஸ்ட்ராங்லைட்டே 1980களில் 22-க்கு இறங்கி வந்தது.

என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். முதலில் செய்தவனின் முறை நிலைப்பதில்லை. நிறையப் பேர் பின்பற்றுகிற முறைதான் நிலைக்கும். முதலில் செய்தவனின் முறையை நம்பி வாங்கியவர்கள், முப்பது வருஷம் கழித்துக் கருவி தேடி அலைவார்கள்.

நான் செய்த தப்பு

முதலில் சாதாரண 22 மி.மீ. புல்லரைத்தான் வாங்கினேன். அது மரையில் பிடிக்காமல் தொளதொளவென்று உள்ளே போய்விட்டது. பிரெஞ்சு வண்டிக்கு பிரெஞ்சு புல்லர் என்று தேடி, 23 மி.மீ. ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். அது மரையில் ஏறியது. கொஞ்சம் ஆட்டம் இருந்தது. ஐம்பது வருஷத் தேய்மானம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த ஆட்டம்தான் வண்டி எனக்குச் சொன்ன எச்சரிக்கை.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. மூன்று அளவிலும் மரையின் இடைவெளி 1 மி.மீ. தான். மெட்ரிக் மரையில் உள்விட்டம் என்பது வெளிவிட்டத்தில் சுமார் 1.08 மி.மீ. குறைவு. அப்படியானால் ஸ்ட்ராங்லைட் கிராங்கின் வாய் 22.27 மி.மீ. அதில் 22 மி.மீ. புல்லர் எதையும் தொடாமல் உள்ளே போவது நியாயம். சரியான 23.35 புல்லர் ஒவ்வொரு பக்கமும் 0.54 மி.மீ. ஆழம் கடிக்கும். 23 மி.மீ. புல்லர் கடிப்பது 0.36 மட்டுமே, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. அதுவும் நட்டநடுவில் நின்றால். ஆட்டத்தில் ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கம் கடிப்பது 0.19. அந்த நுனிப் பல்லை நம்பி நான் ஸ்பேனரில் பலம் கொடுக்கிறேன். 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு என்றாலே தண்டின் முனையில் ஒரு டன்னைத் தாண்டும் உந்துவிசை. நுனிப் பல் அலுமினியம் என்ன செய்யும், பாவம்!

மூன்றில் ஆபத்தே இல்லாதது முற்றிலும் தப்பான கருவிதான். அது உள்ளேயே நிற்காது. கிட்டத்தட்ட சரியான கருவிதான் குடியைக் கெடுக்கும்.

எதை எடுப்பது?

ஆகவே, பழைய சைக்கிள் ஒன்று கையில் கிடைத்தால் நான் இப்போது பின்பற்றும் வரிசை இது.

முதலில் கண். கிராங்கில் குறுக்காக நட்டோடு ஒரு பின் தெரிந்தால் காட்டர். அதற்கு முட்டும் ஒரே அடியும், அல்லது பிரஸ். இரண்டு கிராங்கும் ஒரே தண்டாக வளைந்திருந்தால் ஆஷ்டபுலா. அதற்குப் பெரிய ஸ்பேனரே போதும். நடுவில் மூடி இருந்து, அதைக் கழற்றினால் போல்ட் தெரிந்தால், அது பெரும்பாலும் சதுர டேப்பர்.

அடுத்து போல்ட்டின் தலை. ஜப்பான் வகையில் பெரும்பாலும் 14 மி.மீ., பழைய கம்பன்யோலோவிலும் டி.ஏ.விலும் 15, பழைய ஸ்ட்ராங்லைட்டில் 16. ஒரு போல்ட் மாறியிருக்கலாம். எனவே இது துப்புதான், தீர்ப்பு இல்லை.

தீர்ப்புச் சொல்வது வெர்னியர். மரையை முதலில் மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். பிறகு மரையின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். 21-ஐ ஒட்டி வந்தால் 22 மி.மீ. புல்லர். 22-ஐ ஒட்டி வந்தால் 23. 22.3-ஐ ஒட்டி வந்தால் 23.35. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற வெர்னியர் இதற்குப் போதும். அதை நான் முதலில் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

போல்ட்டை எடுத்த பிறகு அதன் கீழே இருந்த வாஷரும் வெளியே வந்துவிட்டதா என்று விரல் விட்டுப் பாருங்கள். கிரீஸில் ஒட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதன் மேல் புல்லர் தண்டு உந்தினால், ஆக்ஸிலை உந்தாமல் கிராங்கையே உந்தி, கிராங்கையே இழுக்கும். சரியான அளவுப் புல்லர் இருந்தும் மரை போவதற்கு முக்கியக் காரணம் இந்தக் காசு பெறாத வாஷர்தான். புல்லர் உடலைக் கையாலேயே கடைசி மரைவரை ஏற்றுங்கள். அதற்கு முன் உள்தண்டை நன்றாகப் பின்னுக்கு இழுத்து வைத்திருங்கள்.

1990களின் பிற்பகுதிக்கு அப்புறம் வந்த வண்டி என்றால் கதை வேறு. ஷிமானோவின் ஆக்டாலிங்க், அதற்குப் போட்டியாக வந்த ஐசிஸ் இரண்டிலும் ஆக்ஸில் குழாய் மாதிரி உள்ளீடற்றது. பழைய புல்லரின் ஒல்லித் தண்டு நேராக அந்த ஓட்டைக்குள் போய்விடும். அகலத் தலை கொண்ட புல்லர் வேண்டும். 2003 வாக்கில் வந்த ஹாலோடெக் 2 வகையில் ஆக்ஸில் வலது கிராங்கோடேயே ஒட்டிப் பிறக்கிறது. இடது கிராங்கைப் பக்கவாட்டுப் போல்ட்டுகள் கவ்விப் பிடிக்கின்றன. ஆலன் கீயும் ஒரு பிளாஸ்டிக் மூடித் திருகியும் போதும். எழுபது வருஷம் ஆட்சி செய்த ஆப்பு இங்கேதான் உண்மையிலேயே விடைபெற்றது.

ஆக்ஸிலை மாற்றப் போகிறவர்களுக்கு மட்டும் இன்னொரு சொல். சதுர டேப்பரிலேயே ஜப்பான் தரம், ஐஎஸ்ஓ தரம் என்று இரண்டு உண்டு. சரிவு ஒன்றேதான், முனையின் பருமன் வேறு. ஒன்றின் கிராங்கை இன்னொன்றில் போட்டால் சுமார் 4.5 மி.மீ. தள்ளி உட்காரும். செயின் வீல் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்காது.

அம்பத்தூர் லேத்

மரை போன இடது கிராங்கை எடுத்துத் தந்தது ஒரு பைக் மெக்கானிக்கின் இரண்டு கால் பேரிங் புல்லர். கிராங்கின் முதுகில் இரண்டு கொக்கியையும் மாட்டி, தண்டை ஆக்ஸிலில் ஊன்றி, பொறுமையாகத் திருகினார். "டக்" என்று ஒரு சத்தம். வந்துவிட்டது. இடது பக்கத்தில் செயின் வீல் இல்லாததால் இது முடிந்தது. வலது பக்கத்தில் கொக்கி நுழைய இடமில்லை. நல்லவேளையாக அந்தப் பக்கத்து மரையில் நான் இன்னும் கை வைக்கவில்லை.

23.35 புல்லர்கள் வெளிநாட்டில் ஒரு சிலரிடம் கிடைக்கின்றன. விலையும் அனுப்பும் செலவும் சேர்த்தால் சைக்கிளை வாங்கிய காசைத் தாண்டியது. அப்போதுதான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை வைத்திருக்கும் கல்லூரி நண்பன் நினைவுக்கு வந்தான். டிராயிங் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு மெஷின் டிராயிங்! லேத்தில் நின்ற பெரியவர் தாளைப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது 23.35? ரவுண்டா 23-ன்னு போட்டுக்கலாமே" என்றார். "அந்த ரவுண்டுல ஏற்கெனவே ஒரு கிராங்க் போச்சுங்க" என்றேன். சிரித்தார். இஎன்8 எஃகில் கடைந்து, மரை வெட்டி, நடுவில் என் பழைய 22 மி.மீ. புல்லரின் தண்டு ஓடுகிற மாதிரி உள்மரையும் போட்டுக் கொடுத்தார். லேத்துக்கு 23.35 வேறு, 24 வேறு என்றெல்லாம் கிடையாது. சொன்ன அளவுக்கு வெட்டும். அந்த அளவைச் சரியாகச் சொல்வதுதான் நம் வேலை.

அடுத்த ஞாயிறு. வாஷரை எடுத்தேனா என்று மூன்று முறை பார்த்தேன். புல்லர் ஆட்டமில்லாமல், விரலால் திருகத் திருகக் கடைசிவரை ஏறியது. அந்த இறுக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று அப்போதுதான் கைக்குத் தெரிந்தது. ஸ்பேனரில் அரைச் சுற்று. வலது கிராங்க் சத்தமே இல்லாமல் தளர்ந்து கையில் வந்தது.

பிபியைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து வண்டியைத் திரும்பப் பூட்டியாயிற்று. இடது கிராங்கையும் அதன் இடத்திலேயே மாட்டியிருக்கிறேன். ஓடுவதற்கு மரை தேவையில்லை, கழற்றுவதற்குத்தான் தேவை. இனி அதைக் கழற்றும்போதெல்லாம் பேரிங் புல்லர்தான். லியோன் பெரியவரின் அப்பா பல வருஷம் காப்பாற்றியதை ஒரு காலையில் கெடுத்தவன் நான் என்பதற்கு அது அடையாளமாக இருக்கட்டும்.

புதுப் புல்லரின் மேல் 23.35 என்று எண் பஞ்ச் அடித்து வைத்திருக்கிறேன், எனக்குப் பிறகு எடுப்பவருக்கும் தெரிய வேண்டுமில்லையா? சென்னைப் பக்கம் யாரிடமாவது பழைய ஸ்ட்ராங்லைட் கிராங்க் இருந்தால் சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு வருகிறேன். வெர்னியரும் கூடவே வரும்.